உடையார்பாளையத்தில் ஒரு சினிமா கார்

சார்ஜாவிலிருந்து மஸ்கட் வரைக்கும் வண்டி ஓட்டிப் போயிருக்கிறேன். முதலாளி தயவில் ஒரு தடவை இங்கிலாந்தையும் பார்த்துவிட்டு வந்தேன். ஆனால் எங்கள் லப்பைக்குடிக்காட்டிலிருந்து மூன்று பஸ் மாறினால் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய உடையார்பாளையத்தை நாற்பத்தாறு வயது வரை நான் பார்த்ததில்லை. எதை எதற்குப் பிறகு காட்ட வேண்டும் என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

நான் போனது ஒரு காரைப் பார்க்க. லீவில் ஊருக்கு வந்தவன் சித்திரை வெயிலில் கார் பார்க்கக் கிளம்புகிறான் என்றதும் என் மனைவி மைமூன், "கார்ல கெடந்து அலுத்துத்தானே ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வூட்டுக்கு வர்றீங்க. இங்கயும் காரா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் சொல்லத் தெரியாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

சார்ஜாவில் நான் வேலை பார்ப்பது ஒரு பெரிய கொட்டகையில். முதலாளி வில்சன் சார் இங்கிலாந்துக்காரர். அவருடைய நாட்டில் நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன்னால் செய்த ஸ்போர்ட்ஸ் கார்களை எங்கெங்கிருந்தோ வாங்கிவந்து, பழுது பார்த்து, புதுசு போல ஆக்கி நிறுத்துவார். கார் கழுவுகிற ஆளாகத்தான் அங்கே சேர்ந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். பதினான்கு வருஷத்தில் இன்ஜினைக் கழற்றிப் பூட்டுகிற அளவுக்குக் கை பழகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

அந்தக் கார்களைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூக்கு நீளம், பின்பக்கம் குட்டை. இரண்டே சீட். கூரை கிடையாது. மழை வந்தால் துணியை இழுத்துக் கட்ட வேண்டும். கட்டி முடிப்பதற்குள் மழையே நின்றுவிடும். உட்கார்ந்தால் கையைத் தொங்கவிட்டு ரோட்டைத் தொடலாம் போல இருக்கும். தினமும் காலையில் ஒவ்வொரு காருக்கு அடியிலும் ஒரு தட்டு வைப்பேன், எண்ணெய் ஒழுகும். அம்மா, மனைவி, நாலு பிள்ளைகள், மச்சினி வீட்டு விசேஷம் என்று இருக்கிற என்னைப் போன்ற குடும்பஸ்தனுக்கு அது எதற்கும் ஆகாது. ஒரு சிப்பம் அரிசி வைக்க இடமில்லை.

ஆனால் ஸ்டார்ட் பண்ணினால் வேறு கதை. சபையில் பேச எழுந்த பெரிய மனிதர் தொண்டையைச் செருமிக்கொள்கிற மாதிரி ஒரு சத்தம். தோல் சீட்டும் மரமும் பெட்ரோலும் கலந்த ஒரு வாசனை. ஸ்டியரிங்கைப் பிடித்தால் ரோட்டில் கிடக்கிற சின்னக் கல்கூட உள்ளங்கைக்குத் தெரியும். ஒரு வேலைக்கும் உதவாத அந்தச் சாமானைத் துடைத்து நிறுத்திவிட்டு, வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஏன் என்று எனக்கே தெரியாது.

இங்கிலாந்துக்கு வில்சன் சார் என்னை அழைத்துப் போனது ஒரு கார் கூட்டத்துக்கு. பெரிய புல்வெளி நிறையப் பழைய கார்கள். ஹலால் கிடைக்காமல் ஒரு வாரம் முழுக்க முட்டையும் உருளைக்கிழங்கு வறுவலும் ஆப்பிளும்தான் தின்றேன். அங்கே அடுத்தடுத்து இரண்டு கார்கள். ஒரே கம்பெனி, ஒரே வயது, ஒரே சிவப்பு. ஒன்றின் முன்னால் மட்டும் ஒரு பலகை: இன்ன படத்தில் இன்ன நடிகர் ஓட்டிய கார் இது. அதைச் சுற்றி ஜனம் மொய்த்தது, குழந்தைகளைத் தூக்கிவைத்துப் போட்டோ எடுத்தார்கள். அடுத்த காருக்குச் சொந்தக்காரர் தனியாக மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"அந்தக் கார் என்ன சார் அப்படி விசேஷமா ஓடும்?" என்று கேட்டேன்.

"இரண்டும் ஒரே மாதிரிதான் ஓடும்" என்றார் வில்சன் சார். "ஆனால் ஒன்றை எல்லாரும் இருட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்."

பல நாள் இது என் மனதில் கிடந்தது. எங்கள் பக்கத்துப் படங்களிலும் அந்த மாதிரிக் கார் உண்டு. பட்டணத்துப் பணக்காரக் கதாநாயகன், கழுத்தில் கைக்குட்டை, பக்கத்தில் கதாநாயகி, மலைப்பாதை, ஒரு பாட்டு. பாட்டு முடிகிற வரை எதிரே ஒரு லாரி வராது. சின்ன வயதில் ஆற்றுக்கு அக்கரையில் திட்டக்குடி கொட்டகைக்கு அத்தாவுக்குத் தெரியாமல் போய்ப் பார்த்திருக்கிறேன். மக்காவுக்குப் போய் உம்ரா செய்துவிட்டு வந்ததிலிருந்து படம் பார்ப்பதை விட்டாயிற்று.

சார்ஜாவில் எங்கள் அறைக்கு மேலறையில் உடையார்பாளையம் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். ஒருநாள் எங்கள் கொட்டகைக்கு வந்தவன், "இது மாரி ஒண்ணு எங்க ஊர்ல முந்திரிக்கொட்டாயில கெடக்குதுண்ணே. சினிமாவுல வந்த காருன்னு எங்க ஊரு டிரைவர் சொல்லிக்கிட்டுத் திரிவாரு. செத்துப் போயிட்டாரு" என்றான். நான் அதை முதலாளியிடம் சொன்னேன். அவர் சும்மா இருப்பாரா? சென்னையில் ஒரு நண்பரைப் பிடித்து, மூடிப்போன அந்த சினிமா கம்பெனி கார் வாங்கியபோது எழுதிய தாளின் நகலை வரவழைத்துவிட்டார். அதில் காரின் சேஸிஸ் நம்பர் இருந்தது.

"பானெட்டுக்கு உள்ளே பித்தளைத் தகடு இருக்கும். அதிலுள்ள நம்பரும் இந்தத் தாளிலுள்ள நம்பரும் ஒன்றாக இருந்தால் எனக்குப் போன் பண்ணு. நானே வந்து வாங்கிப் பலகை எழுதி வைக்கிறேன். இல்லையென்றால் அது வெறும் இரும்பு" என்றார்.

புதன்கிழமை கிளம்பினேன். அரியலூர் தனி மாவட்டமாகி, மறுபடியும் பெரம்பலூரோடு சேர்ந்து கிடந்த சமயம் அது. பெரம்பலூரில் ஏறிய ஒரு பெரியவர் பாதி வழியில் கண்டக்டரிடம், "அரியலூர்ல கலெக்டர் ஆபீசு வாசல்ல எறக்கி வுடுங்க" என்றார்.

"அது போயிடுச்சுங்க பெரியவரே."

"எங்க போச்சு?"

"நீங்க ஏறுனீங்கள்ல, அங்க."

பஸ்ஸே சிரித்தது. பெரியவர் அசரவில்லை. "ஏறையில சொல்றதுக்கு என்னய்யா? சரி, மவ வூடு அரியலூர்லதான் இருக்கு. அதையும் மாத்திப்புட்டானுவளா?" என்றார்.

அரியலூரில் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக் கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. மரமெல்லாம் பவுடர் பூசிக்கொண்டு நின்றது. அதைத் தாண்டினால் சிவப்பு மண், முந்திரித் தோப்பு. மூன்றாவது பஸ் தோப்புக்கு நடுவில் டயர் பஞ்சராகி நின்றது. சார்ஜாவில் வண்டி நின்றால் எல்லாரும் போனை எடுத்துக் கத்துவார்கள். இங்கே ஒருவரும் கோபப்படவில்லை. பெண்கள் நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள். கூடைக்காரம்மா ஒருவர் முந்திரிப்பழம் கொடுத்தார். மஞ்சளும் சிவப்புமாக அழகாயிருக்கிறதே என்று அப்படியே கடித்துவிட்டேன். தொண்டை கரகரவென்று பிடித்துக்கொண்டது.

"வெளியூரா பாய்? உப்புத் தொட்டுக்கணும்ங்க. சும்மா தின்னா ரெண்டு நாளைக்குப் பேச்சு வராது" என்றார். நான் பேச்சு வராமல் தலையை ஆட்டினேன்.

அந்தப் பையன் சொன்ன ஊர் உடையார்பாளையத்திலிருந்து கொஞ்சம் உள்ளே. டிரைவர் வீடு என்று கேட்டதும் காட்டிவிட்டார்கள். அவருடைய மனைவி செல்லம்மாள் அக்காவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்துப்போன விரல்கள். உள்ளே வரச் சொல்லி மோர் கொடுத்தார். ஒட்டினாற்போல அவர் தம்பி ராசுவின் வீடு. ஐம்பது வயது, முந்திரி வியாபாரம், வாய் சும்மா இருக்காத ஆள்.

"வெளிநாட்டுலேருந்து காரு பாக்க வந்தீங்களா? எங்க மச்சான் காரையா?" என்று ராசு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "அந்தக் காலத்துல ஹீரோவுக்கு கார் ஓட்டத் தெரியலையாம். இவருதான் டோப்பாவும் கண்ணாடியும் மாட்டிக்கிட்டு ஓட்டினாராம். கம்பெனியை மூடறப்ப, நீயே வச்சுக்கய்யான்னு காரைக் குடுத்துட்டாங்களாம். பஸ் ஸ்டாண்டுல இத சொல்லாத நாளில்ல. ஊர்ல அவருக்குப் பேரே ஹீரோதான் பாய். செத்தன்னிக்குக்கூட ஒருத்தன், ஹீரோவுக்கு டூப்பு போடலையான்னு கேட்டான்."

"போதும்டா" என்றார் அக்கா. அவருக்கும் உதட்டோரத்தில் சிரிப்பு இருந்ததை அப்போது கவனித்தேன். அர்த்தம் பிறகுதான் தெரிந்தது.

டிரைவர் சென்னையிலிருந்து திரும்பிய பிறகு இருபது வருஷத்துக்கு மேல் ஜெயங்கொண்டம் போகிற ஒரு தனியார் பஸ்ஸை ஓட்டியிருக்கிறார். அந்தக் காரில் அக்கா ஒரே ஒரு முறை ஏறியிருக்கிறார். "தலையில வச்ச பூவெல்லாம் காத்துல போயிடுச்சுங்க. ஊரே பாத்துச்சு. வெக்கமாப் போயி முக்காடு போட்டுக்கிட்டேன். அப்புறம் ஏறவே இல்ல."

கொட்டாயைத் திறந்தார்கள். முந்திரி மூட்டைகளுக்கு நடுவே அது நின்றது. நீண்ட மூக்கு, வளைந்த மட்கார்டு, கம்பிச் சக்கரம். டயர் மண்ணாகிவிட்டது. இன்ஜின் என்றைக்கோ போய்விட்டது. தோல் சீட்டில் ஆடு படுத்த பள்ளம். இருந்தும், உண்மையைச் சொல்கிறேன், என் கை துடைக்கிற துணியைத் தேடியது. சார்ஜாவில் துடைத்துத் துடைத்துப் பழகிய முகம் இந்தச் செம்மண்ணில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிஸ்மி சொல்லி பானெட்டைத் தூக்கினேன்.

பித்தளைத் தகடு இருந்தது. தங்கம் போல மின்னியது.

"பளபளன்னு இருக்குதுங்களா?" என்றார் அக்கா பெருமையாக. "வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு வண்டியைக் கழுவி, பித்தளையெல்லாம் புளி போட்டு, செங்கப்பொடி போட்டுத் தேச்சுடுவேன். பொட்டு வச்சு, மால போட்டு. ஒரு வருஷம் விட்டதில்லைங்க. அவரு போன பொறவும் விடல."

நான் தகட்டின் மேல் கட்டைவிரலை வைத்துத் தடவினேன். வழவழவென்று இருந்தது, குத்துவிளக்கின் அடிபோல. ஒரு எழுத்து இல்லை. டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு கோடு தெரிந்தது. அது ஒன்றாகவும் இருக்கலாம், ஏழாகவும் இருக்கலாம். கீழே சட்டத்தில் அடித்திருந்த நம்பரை ஆட்டு மூத்திரமும் துருவும் தின்றிருந்தன. ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டேன். கரையான் அரித்த அட்டை மட்டும் வந்தது.

அன்று எதுவும் சொல்ல மனம் வரவில்லை. "வெளிச்சம் போதலக்கா, நாளைக்குப் பாக்குறேன்" என்று ஜெயங்கொண்டம் லாட்ஜுக்குப் போய்விட்டேன்.

சட்டைப் பையில் அந்தத் தாள். அதில் நம்பர், தெளிவாக. டெலிபோன் பூத்துக்குப் போய் அந்த நம்பரையே படித்து, பார்த்துவிட்டேன் சார் என்று சொன்னால் முடிந்தது. வில்சன் சார் என்னை நம்புவார். டிரைவர் பெயர் பலகையில் ஏறும். ராசுவின் வாய் அடைபடும். யாருக்கும் நஷ்டமில்லை. என் நாக்கு மட்டும் பொய்ச்சாட்சி சொல்லியிருக்கும். மறுமையில் நாக்குக்கும் கணக்கு உண்டு என்று ஓதி வளர்ந்தவன் நான். இரண்டு முறை பூத் வாசல் வரை போய்த் திரும்பினேன்.

வியாழக்கிழமை காலை போனபோது அக்கா ஒரு கோழியைக் காலைக் கட்டி வைத்திருந்தார்.

"நாங்க அறுத்தா நீங்க சாப்புட மாட்டீங்க. நீங்களே உங்க முறைப்படி அறுத்துக் குடுங்க, நான் கொழம்பு வச்சுத் தாரேன்" என்றார்.

இங்கிலாந்தில் ஒரு வாரம் யாருக்கும் தோன்றாத யோசனை. அறுத்துக் கொடுத்தேன். மிளகு தூக்கலாக, முந்திரிப்பருப்பு அரைத்து ஊற்றிய குழம்பு. பாதிச் சாப்பாட்டில், இதற்கு மேல் மறைத்தால் தின்றது ஒட்டாது என்று தோன்றியது.

"அக்கா, அந்தத் தகட்டுல நம்பர் இருந்திருக்கணும். அத வச்சுத்தான் அது அந்த சினிமா காரான்னு சொல்ல முடியும்."

"இருந்துச்சே. ஏதோ எழுத்து இருந்துச்சு, ஆரம்பத்துல." அவர் கரண்டியோடு அப்படியே நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். 

"நான் தேச்சதுலயா?"

 அவர் தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். கறை ஏறிய விரல்கள். "நல்லதுன்னுதானே தேச்சேன்" என்றார். பிறகு, "உங்களுக்கு இன்னங்கொஞ்சம் கொழம்பு ஊத்தவா?" என்றார்.

விஷயம் ராசுவுக்குத் தெரிய அதிக நேரம் ஆகவில்லை. வெளியே நின்று சிரித்தார். ஆனால் முன்னைப்போல நீளமாகச் சிரிக்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்திருப்பார் போல. "சரி, இதுக்கு ஏன் இவ்ளோ வருத்தம்? படத்தையே போட்டுப் பாத்துடுவோம். சி.டி. கெடைக்கும். இருந்தா இருக்கட்டும், இல்லாட்டி இன்னியோட இந்தக் கதைய முடிச்சுப்புடுவோம்" என்றார்.

"வாணாம்டா" என்றார் அக்கா, சட்டென்று.

எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. பார்க்க ஆசைப்படுவார் என்றல்லவா நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஜெயங்கொண்டத்தில் ஜும்ஆ தொழுதேன். இமாம் எனக்கு ஏதாவது வழி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளூ செய்யும்போது தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று அவர் பேசினார். அதுவும் நல்ல விஷயம்தான். தொழுதுவிட்டு ஊருக்குப் போனால் ராசு வாக்குப்படி சி.டி.யோடு வந்துவிட்டார். அவர் வீட்டுக் கூடத்தில் டி.வி. அக்கம்பக்கத்துச் சனம் பதினைந்து இருபது பேர். அக்காவை யாரோ கையைப் பிடித்துக் கூட்டிவந்து சுவரோரம் உட்கார வைத்திருந்தார்கள்.

பதினோரு வருஷமாகப் படம் பார்க்காதவன் நான். கதவருகே நின்றேன். இது வேடிக்கைக்கு அல்ல, சாட்சிக்கு என்று அல்லாஹ்விடம் சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பாட்டு இரண்டாவது சி.டி.யில் இருந்தது. மலைப்பாதை வந்தது, அந்தக் கார் வந்தது, "ஏய், வந்துட்டாரு ஹீரோ!" என்று ஒருவன் கத்தினான். கரண்ட் போய்விட்டது.

ஒரு மணி நேரம். அஸர் நேரம் வந்துவிட்டதால் நான் முந்திரி மரத்தடியில் துண்டை விரித்துத் தொழுதேன். திரும்பி வந்தபோது ஒருவரும் எழுந்து போயிருக்கவில்லை. ராசு விசிறியால் எல்லாருக்கும் வீசிக்கொண்டு, "இடைவேளைக்கு முறுக்கு சோடா எல்லாம் உண்டு, காசுதான் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கரண்ட் வந்தது. முதலில் கதாநாயகன் முகம், கிட்டத்தில். பாடுகிறார், சிரிக்கிறார், ஸ்டியரிங்கை ஆட்டுகிறார். பின்னால் மரங்கள் ஓடுகின்றன. ஸ்டியரிங் ஒரு பக்கம் போகிறது, மரம் ஒரு பக்கம் போகிறது. இருபது கார் ஓட்டிப் பழகியவனுக்கு அது நிற்கிற கார் என்று தெரியும். அதைச் சொன்னேன்.

"அப்ப நெசமா ஓடற காரு எங்க?" என்றார் ராசு.

அது அடுத்து வந்தது. மலை மேலிருந்து எடுத்த காட்சி. கீழே ரிப்பன் மாதிரி ரோடு, அதில் அந்தக் கார், எறும்பளவு. பிறகு பெரிதாகி ஒரு வளைவை நோக்கி வந்தது. ஓட்டுகிறவர் முகம் தெரியவில்லை. டோப்பா, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் பறக்கிற துணி. எவ்வளவு அழகாக வளைத்தார்! பிரேக்கைத் தொடாமல், ஒரு கியர் இறக்கி, அந்த நீண்ட மூக்கைத் தண்ணீரில் படகைத் திருப்புவது போலத் திருப்பினார். எங்கள் கொட்டகைக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் யாரும் அப்படி ஓட்டிப் பார்த்ததில்லை. என்னை அறியாமல் "மாஷா அல்லாஹ்" என்றேன்.

வளைவில் சூலம் நட்டு வைத்த சின்னக் கோயில் ஒன்று. கார் அதைக் கடக்கும்போது, ஓட்டினவரின் வலது கை ஸ்டியரிங்கை விட்டு எழுந்தது. ஸ்டியரிங்கைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றி, நெஞ்சில் வைத்தது. உடனே மறுபடியும் ஒரு முறை, இந்தத் தடவை தலையை வலது பக்கம் திருப்பி, அதே மாதிரி. பிறகு கை ஸ்டியரிங்குக்குப் போய்விட்டது. கார் மலையில் மறைந்தது. படம் எடுத்தவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை போலும். சீமையில் படித்துவிட்டு வந்த பணக்காரக் கதாநாயகன், காதலியோடு பாட்டுப் பாடிக்கொண்டு போகிறவன், எதற்காக ரோட்டோரச் சாமியைக் கும்பிடுகிறான்?

சனமெல்லாம் டி.வி.க்குக் கிட்டே நகர்ந்தது.

"நிறுத்து, நிறுத்து. திருப்பிப் போடு" என்றார் பின்னாலிருந்த ஒரு கிழவர். போட்டார்கள். கை மறுபடி எழுந்தது. ஒன்று, இரண்டு.

"டேய், இது நம்ம டிரைவர் கும்புடுடா" என்றார் கிழவர். "இருபது வருஷம் நான் அவருக்குப் பின்னாடி மொத சீட்ல உக்காந்து போயிருக்கேன். எந்தக் கோயிலத் தாண்டுனாலும் ரெண்டு தடவ. ஒண்ணு அந்தச் சாமிக்கு, ஒண்ணு நம்ம ஊரு அய்யனாருக்குன்னு சொல்லுவாரு. நான்கூடத் திட்டியிருக்கேன், சாமிய ஒரு கையால கும்புடுய்யா, இன்னொரு கையால எங்களக் காப்பாத்துன்னு."

"ஆமாம்ல" என்றார்கள் நாலைந்து பேர். அந்தக் கூடத்தில் அந்த பஸ்ஸில் போகாதவர் யார்? பள்ளிக்கூடத்துக்குப் போனவர்கள், சந்தைக்குப் போனவர்கள், பிரசவத்துக்குப் போனவர்கள். எல்லாரும் அந்தக் கையைப் பார்த்திருக்கிறார்கள், ஆயிரம் தடவை. ஒரு பெண் தன் கையைத் தூக்கி இரண்டு முறை கண்ணில் ஒற்றிக் காட்டினாள்.

ராசு டி.வி.க்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூன்றாவது முறை போட்டுப் பார்த்தார். அப்புறம் திரும்பாமலே சொன்னார்: "அக்கா, மச்சான் பொய் சொல்லலக்கா."

செல்லம்மாள் அக்கா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. என்னைப் பார்த்து, ஏதோ என்னிடம்தான் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது போல, "நானும் நம்பலீங்க பாய்" என்றார். "இவங்கள்லாம் சிரிச்சப்ப நானும்தான் சிரிச்சேன். சோறு போடறப்பகூட, ஹீரோவுக்கு ரசம் ஊத்தவான்னு கேப்பேன். நம்பியிருந்தா அந்த எழுத்த அப்படித் தேச்சிருப்பேனா? ஏனம் வெளக்கறாப்புல தேச்சுப்புட்டேன். அவரு பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருப்பாரு. ஒரு வார்த்த சொன்னதில்ல."

 எனக்கு மைமூன் ஞாபகம் வந்தது. கொட்டகையில் நான் செய்கிற வேலையைப் பற்றி எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அவள் சிரிப்பாள். நானும் அவள் சொல்கிற எதை முழுதாக நம்பிக் கேட்டிருக்கிறேன்?

சனிக்கிழமை காலை ஜெயங்கொண்டம் பூத்துக்கு அக்காவும் ராசுவும் கூடவே வந்தார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர் நிற்கத்தான் இடம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று பேரும் நின்றோம். வில்சன் சார் எடுத்தார்.

"நம்பரைப் பார்த்தாயா?"

"இல்லை சார். தகடு தேய்ந்துபோய்விட்டது. ஒன்றும் படிக்க முடியவில்லை."

"அப்படியானால் அது அந்தக் கார்தான் என்று உன்னால் சொல்ல முடியாது."

"காரைப் பற்றிச் சொல்ல முடியாது சார். ஓட்டினவரைப் பற்றிச் சொல்ல முடியும்."

எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். புளி, தகடு, கோயில், கை, பஸ்ஸில் போன ஜனம்.  லைன் போய்விட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்றேன்.

"இருக்கிறேன்" என்றார். "நம்பர் இல்லாமல் நான் காரை வாங்க முடியாது, உனக்குத் தெரியும். ஆனால் அந்தப் படத்திலிருந்து ஒரு போட்டோ எடுத்துக் கொட்டகைச் சுவரில் மாட்டலாம். கீழே எழுத வேண்டும். அவர் பெயர் என்ன?"

நான் ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி, "பேர் கேக்குறாரு" என்றேன். மூன்று நாளாக எல்லாரும் டிரைவர் என்றார்கள், ஹீரோ என்றார்கள், மச்சான் என்றார்கள். எனக்குப் பெயர் தெரியாது. ராசு சொல்ல வாயைத் திறந்தார். அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

எங்கள் ஊரிலும் சரி, அந்த ஊரிலும் சரி, அந்த வயதுப் பெண்கள் கணவன் பெயரை வாயால் சொல்வதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வார்கள். அக்கா என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினார். பேசும் பக்கம் எது என்று பார்த்து, சரியாகப் பிடித்துக்கொண்டார். ஒரு மூச்சு எடுத்தார்.

"கோவிந்தசாமி" என்றார்.

ரிசீவரிலிருந்து வில்சன் சாரின் குரல் கேட்டது. "இன்னொரு தடவை சொல்லச் சொல்றாருக்கா, மெதுவா" என்றேன்.

அவர் இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை பூத் வாசலில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னார்.